பாண்டியில் பழைய கேம் மெஷின் வாங்குறீங்களா? முதலில் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்க

பாண்டியிலிருந்து கடலூருக்குள் நுழையும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் அந்த ஏட்டு வண்டியை மறிக்கவில்லை என்றால், நான் ஏமாந்தது எனக்கே இன்னும் ஒரு வாரம் தெரிந்திருக்காது.

சேஸ் ஹெச்.க்யூ. என்று, காசு போட்டு ஆடும் ஒரு மெஷின் கேம். ஜப்பானின் டைட்டோ கம்பெனி 1988-ல் கொண்டுவந்தது. நாம்தான் போலீஸ், கறுப்பு போர்ஷ் கார். 60 விநாடிக்குள் குற்றவாளியின் காரை எட்டிப் பிடிக்கணும். கிட்டே போனதும் பக்கத்து சீட் ஆள் கையை நீட்டிக் கூரையில் சைரன் விளக்கை ஒட்டுவான். அதற்கப்புறம் இடி இடி என்று இடித்தே நிறுத்தணும். சின்ன வயதில் சென்னை அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் காசு பூரா அதில்தான் போனது. அந்த விளக்கு ஒட்டும் காட்சிக்காகவே ஆடுவேன்.

போன மாதம் விற்பனை விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. 'ஒரிஜினல் மெஷின், 38,000 ரூபாய்.' கடலூரிலிருந்து ஓடினேன். பாண்டியில் ஒரு குடோன், உள்ளே பழைய மெஷின்கள் நாலைந்து. ஆளோ பேச்சில் தேன். "ஸ்பீக்கர் மட்டும் போயிருக்கு தம்பி, இருநூறு ரூபா வேலை" என்றார். பின்கதவைத் திறக்கச் சொன்னேன். சாவி தொலைந்துவிட்டதாம். அங்கேயே திரும்பியிருக்கணும். ஸ்டீயரிங்கைப் பிடித்தவுடன் எனக்கு வயது பன்னிரண்டு ஆகிவிட்டது, என்ன செய்ய? ஜிபேயில் மொத்தப் பணமும் போட்டேன். பில் கேட்கவில்லை.

குட்டி யானையில் ஏற்றி அரியாங்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி வந்தோம். பாண்டியிலிருந்து ஆளுயரப் பெட்டி வருகிறது என்றால் சரக்குப் பாட்டில் சந்தேகம் வராதா? "தொறங்க" என்றார் ஏட்டு. சாவி இல்லை என்றேன், சந்தேகம் இன்னும் கூடியது. டிரைவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார்.

உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. அதை ஒட்டியிருந்தது இரட்டைப் பக்க டேப். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கியது. மற்றபடி வெறும் பிளைவுட். டார்ச் அடித்துப் பார்த்த ஏட்டு, "என்ன சார், இவ்ளோ பெரிய பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல?" என்றார். அன்றைக்கு என்னிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

வீட்டில் வைத்துப் பார்த்ததில் மிச்சமும் வெளுத்தது. அசல் மெஷினில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து சொல்லும் பாகம் இருக்கும். கொஞ்சம் திருப்பினால் கார் கொஞ்சம் வளையும். இதிலோ இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டே சுவிட்ச். அரை அங்குலம் திருப்பினாலும் கார் ஓரத்துக்கே ஓடுகிறது. அசலில் கியர் தடியின் தலையில் வேகம் கூட்டும் டர்போ பட்டன் இருக்கும். இதில் இருந்த பட்டனுக்கு ஒயரே இல்லை. ஸ்பீக்கர் ஏன் போனது என்பதும் புரிந்தது. அசல் கேம் பேசும். இதில் ஓடுவது டிவியில் மாட்டி ஆடுவோமே, அந்த வீட்டு கேம் ரகம். சத்தம் வந்திருந்தால் குடோனிலேயே குட்டு உடைந்திருக்கும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "கேம் ஓடுதுல்ல தம்பி? அப்புறம் என்ன?" என்றார். மறுநாளிலிருந்து ஸ்விட்ச்டு ஆஃப்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பாண்டிக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில் இல்லாத குறைக்கு, ஜிபே ரசீதையும் 'ஒரிஜினல்' என்று அவர் அனுப்பிய மெசேஜையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் பணம் போடும் முன்பே அந்த வார்த்தையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நேற்று அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது, 42,000 ரூபாய்க்கு. போட்டோவில் இடது ஓரம் மஞ்சள் ஸ்டிக்கர் கிழிந்த கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது, மேலே அம்மா வெங்காயக் கூடை வைத்திருக்கிறார்.