பூட்டி வைத்த பதிவுகள்: ஒரு நாட்குறிப்புச் செயலியோடு மூன்றரை வருடம்

செயலியின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகள் நிறையச் சொல்லப்போகிறேன், அவற்றில் பாதி இந்த வகைச் செயலிகள் எல்லாவற்றிலும் இருப்பவை. கைபேசியில் நாட்குறிப்பு எழுதலாமா என்று யோசிப்பவர்களுக்கு, எந்த வசதியைப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கண்டால் தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கணக்குத் தணிக்கை என் வேலை. இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். இந்தச் செயலியை வாங்க வைத்ததும் அந்தப் புத்திதான். இதில் 'பூட்டு' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பதிவை எழுதி, ஆறு மாதமோ மூன்று வருடமோ கெடு வைத்துப் பூட்டிவிடலாம். கெடு முடிந்தாலும் உடனே திறக்காது. அன்று என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்கும். பதில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை எடுத்து, இரண்டையும் இடம் வலமாகக் காட்டும்.

இதை யோசித்தவர்கள் உளவியல் படித்திருக்க வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். செய்தி தெரிந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். இரண்டரை வருடம் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார்கள். நாலில் ஒருவர் முக்கியமான எல்லா விவரத்திலும் தவறினார். தங்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும், அதில் இருந்த நினைவு திரும்பி வரவில்லை. புதிய கதைதான் மனதில் நின்றது.

படிக்கும்போது நமக்கு இதெல்லாம் நடக்காது என்றுதான் நினைத்தேன்.

என் முதல் பெரிய பூட்டு, அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த இரவு. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது. அன்று அதிகாலை மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து எழுதி, மூன்று வருடத்துக்குப் பூட்டினேன். கெடு முடிந்ததும் கேள்விகள் வந்தன. மடமடவென்று எழுதினேன். வெளியே மழை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, "இனிமே பயமில்லை" என்றார். நான் அழவில்லை, தைரியமாக இருந்தேன். உறுதி 5க்கு 5.

பழைய பத்தி திறந்தது. மழை இல்லை. "புழுக்கம் தாங்கவில்லை, விசிறி ஓடவில்லை" என்று இருந்தது. அக்கா மறுநாள் மதியம்தான் வந்திருக்கிறாள், அன்றிரவு போனில் மட்டும் இருந்தாள். மருத்துவர் முகக்கவசத்தை இழுத்தது அப்படியே இருக்கிறது, அவர் சொன்ன இரண்டு சொல்லும் எழுத்து பிசகாமல் இருக்கின்றன. அழவில்லை என்றேனே, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன் என்று என் விரலாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன்.

இந்த இரண்டு பத்திகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு கொஞ்சம் படித்தேன். பயமோ பரபரப்போ வந்தால் உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி, நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸுக்கு 'இதை அழுத்தமாகப் பதி' என்று சைகை காட்டுகிற மாதிரி வேலை செய்கிறது. ஜேம்ஸ் மெக்கா என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். ஆனால் அழுத்தமாகப் பதிவது அந்த நேரத்தில் மனம் எதைக் கெட்டியாகப் பிடித்திருந்ததோ அதுதான். எனக்கு அது மருத்துவரின் வாய். ஓரத்தில் இருந்ததெல்லாம் மங்கிப்போக, அந்த ஓட்டைகளை மனம் பிற்பாடு பொருத்தமாகத் தோன்றியதை வைத்து அடைத்துவிடுகிறது. அக்கா எப்படி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள் என்று புரிகிறது, அவள் குரல் இரவு முழுக்க என் காதில் இருந்தது. மழை எங்கிருந்து வந்தது என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

இதனால்தான் மூன்றாவது கேள்வியை, அதாவது 'எவ்வளவு உறுதி' என்பதை, இந்தச் செயலியின் மிகச் சிறந்த வசதி என்று சொல்வேன். ஜெனிபர் டலாரிகோவும் டேவிட் ரூபினும் 2001 செப்டம்பர் 12 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள், 54 மாணவர்களிடம் இரண்டு நினைவுகளை எழுதி வாங்கினார்கள். ஒன்று தாக்குதல் செய்தியைக் கேட்டது, மற்றது அதற்கு முந்தைய சில நாட்களில் நடந்த ஏதோ ஒரு சாதாரண நிகழ்ச்சி. மாதங்கள் போகப் போக இரண்டு நினைவுகளும் ஒரே வேகத்தில் சிதைந்தன. சாதாரண நிகழ்ச்சி பற்றிய நம்பிக்கை இறங்கியது, தாக்குதல் பற்றிய நம்பிக்கை மட்டும் இறங்கவே இல்லை. "நேத்து நடந்த மாதிரி இருக்கு" என்று சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை இப்போதெல்லாம் கேட்டால் தணிக்கைக்காரியின் காது நிமிர்ந்துகொள்கிறது. நான் இதுவரை திறந்த 11 பூட்டுகளில் ஆறு சாதாரண நாட்கள். அவற்றுக்கு நான் போட்ட உறுதி 2, 3 என்றுதான் இருக்கும். தவறுகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது 'ஒரே கேள்வி'. குடும்பத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால், எல்லோருக்கும் ஒரே கேள்வி போகும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாருடைய பதிலும் யாருக்கும் தெரியாது. நான் அனுப்பிய கேள்வி, நான் ரயில் நிலையத்தில் தொலைந்துபோன நாள். எனக்கு அப்போது ஐந்து வயது, அக்காவுக்குப் பதினொன்று.

எனக்கு நினைவில் இருப்பது ஒரு நீலக் கம்பித் தடுப்பு. பெயிண்ட் உரிந்து, துரு உள்ளங்கையில் ஒட்டியது. அதற்கு மேல் கால்கள், செருப்புகள், பெட்டிகளின் அடிப்பாகம். முகம் ஒன்றுகூட இல்லை. இருட்டும்வரை நின்றேன் என்று எழுதினேன். அம்மாவின் பதில் நாலே வரி. வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள், சின்னவள் அழாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நின்றாள், பார்த்ததும் சிரித்தாள். அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் நான் வளர்ந்தேன்.

அக்காவின் பதில் நீளமாக வந்தது. "உன் கையை நான்தான் விட்டேன். செருப்பு வார் அறுந்துவிட்டது, குனிந்தேன். நிமிர்ந்தபோது நீ இல்லை. நீ வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அம்மாவிடம் நான் அப்படிச் சொன்னேன்." கம்பித் தடுப்பு அவளுக்கு நினைவே இல்லை. அறுந்த வாரின் நிறம், அம்மா திரும்பிப் பார்ப்பதற்கு முன் அவள் எண்ணிய எண்கள், இவை இருக்கின்றன. 36 வருடம் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

என்னுடையது பயம், அவளுடையது குற்ற உணர்ச்சி. செய்தி தெரிவதற்கும் குழந்தை கிடைப்பதற்கும் இடையில் அம்மாவுக்கு நேரமே இருக்கவில்லை, அதனால் நிம்மதிதான் மிஞ்சியது. வயதானவர்கள் கெட்டதைவிட நல்லதையே அதிகம் நினைவில் வைக்கிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் போன்றவர்களின் ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவுக்கு இப்போது 70, அதனால் அப்படி எழுதினாள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பத்தைந்து வயதிலும் இதே சிரிப்போடுதான் சொன்னாள். பெற்றோர் பழைய சம்பவங்களை விவரமாக, உணர்வுகளோடு சேர்த்துப் பேசினால் குழந்தைகளின் நினைவு செழிக்கும் என்று ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் ஆகியோர் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பேசினார்கள், ஆனால் ஓர் உணர்வுக்குத்தான் அதில் இடம் இருந்தது. 'இருட்டும்வரை' என்ற என் சொல் அதனால் வந்ததோ என்னவோ. பயத்தை யாரிடமும் சொல்ல முடியாததால் நேரத்தை நீட்டிக்கொண்டேன் போலிருக்கிறது.

மகளுடைய கணக்கு வேறு மாதிரிப் போனது. குழந்தைகளுக்குக் குரல் பதிவு வசதி இருக்கிறது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு பூனை வளர்த்தோம், ஒரு நாள் திரும்பி வரவில்லை. ஐந்தரை வயதில் அதைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். பூனையின் வாலில் இருந்த வெள்ளை, பின்கதவு திறந்திருந்தது, கட்டிலுக்கு அடியில் தேடியது என்று மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசினாள். பூட்டினேன். எட்டரை வயதில் அதே கேள்வியைக் கேட்டபோது, "பூனையா? நம்ம வீட்டுலயா?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன், இல்லை. பட்ரீஷியா பாவரின் ஆய்வில், மூன்று வயதில் நடந்தவற்றை ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்கள், எட்டு ஒன்பது வயதில் அது 40க்கும் கீழே போய்விட்டது. அந்தச் சரிவு எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே நடந்தது.

தன் குரலையே நாலு முறை போட்டுக் கேட்டாள். ஒரு வாரம் கழித்துத் தோழியிடம் பூனைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பதிவில் இருந்த அதே சொற்களில், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்ற முன்னுரையோடு! இனி அவளுக்கு எது நினைவு, எது பதிவு என்று பிரிக்க வழியில்லை. சின்னக் குழந்தைக்கு இந்த வசதியை வாங்கப்போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. பின்கதவு திறந்து கிடந்தால் இவள் எழுந்து போய்ச் சாத்திவிட்டுத்தான் உட்காருவாள். அதற்கும் பூனைக்கும் தொடர்பு இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சரி, குறைகள். எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே ஐந்து முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அழுகை முகத்தைத் தொட்டுவிட்டால், கை தானாக அழுகைக்கு ஏற்றதைத்தான் எழுதுகிறது. எழுதிய பிறகு கேட்டால் என்ன? அக்காவின் பதிலுக்கு அந்த ஐந்தில் எந்த முகத்தைப் போடுவது? தமிழ்க் குரலை எழுத்தாக்குவது படுமோசம். 'இதே நாளில்' என்று காலையில் வந்து நிற்கிற அறிவிப்பு சிரித்த நாட்களை மட்டும் பொறுக்கிப் பின்னணி இசையோடு காட்டுகிறது. கசப்பின் காரம் இனிப்பைவிட வேகமாகக் குறையும் என்பது நினைவு ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். மனமே செய்கிற வேலைக்குச் செயலியின் உதவி வேண்டாம், அணைத்துவிட்டேன்.

தொழில்முறையில் எனக்குப் பொறுக்காதது வேறு. பூட்டாத பழைய பதிவுகளில் முகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதற்குத் தடமே இருக்காது, மாத வரைபடமும் சத்தமில்லாமல் திருந்திவிடும். கணக்குப் புத்தகத்தில் இப்படிச் செய்தால் வேலை போகும். ஒரு நாள் மேலாளரோடு நடந்த சண்டைக்குப் போட்டிருந்த கோப முகத்தைப் பார்த்து, இவ்வளவு கோபமா பட்டோம் என்று தோன்ற, நடு முகமாக மாற்றிவிட்டேன். மாற்றிய பிறகுதான் உறைத்தது. 2000இல் கரீம் நாடரும் உடன் இருந்தவர்களும் எலிகளிடம் காட்டினார்கள்: கெட்டியாகப் பதிந்துவிட்ட பய நினைவுகூட, திரும்ப எழுப்பப்பட்டால் கொஞ்ச நேரம் இளகி, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது. இளகிய நேரத்தில் அது மாறலாம். மூளை அப்படி வேலை செய்வதால்தான் நான் ஒரு செயலிக்குப் பணம் கட்டுகிறேன், அதுவும் அப்படியே செய்தால் எதற்கு?

இன்னொரு சிக்கல், பதிவுகளை வெளியே எடுப்பது. மொத்தமாக ஒரே கோப்பாகத்தான் வரும், தேதிவாரியாக வராது. சந்தா முடிந்தால் பூட்டுகள் கெடு வரும்வரை உள்ளேயே கிடக்கும் என்று உதவிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள், நான் படிக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பூட்டுக்கும் 'ஒரே கேள்வி'க்கும் முழு மதிப்பெண், மற்றதெல்லாம் இழுத்துவிட்டது. துக்கம் புதிதாக இருப்பவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். திறந்த பத்தியைப் பார்க்கிற அன்று பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது.

சந்தாவை நீட்டித்திருக்கிறேன். அக்காவின் பதிலை மட்டும் தாளில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் படித்த இரவு அவளுக்குப் போன் செய்து, கம்பியின் நீலப் பெயிண்டைப் பற்றித்தான் பேசினோம். வாரின் நிறம் என்ன என்று கேட்டேன். சிவப்பு என்றாள், உறுதி 5க்கு 5.