ஸ்லைடு போர்டு வாங்குமுன் முனைக் கட்டையை அசைத்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கபடிக் குழுவுக்கு 14,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஸ்லைடு போர்டு, மூன்றே வாரத்தில் ஒரு பையனின் கணுக்காலைப் பிசக வைத்துவிட்டது. பலகையை முழுக்கக் கழற்றிப் பார்த்ததில், எங்கெங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றாக வெளிவந்தது. அதே மாதிரிப் பலகை கடையில் இன்னும் விற்பனைக்கு நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: இது 8 அடி நீளம், 2 அடி அகலத்தில் வழவழப்பான பலகை. இரண்டு முனைகளிலும் தடுப்புக் கட்டை இருக்கும். ஷூவுக்கு மேல் துணியுறை மாட்டிக்கொண்டு, ஒரு கட்டையைக் காலால் உதைத்து மறு கட்டை வரை பக்கவாட்டில் சறுக்க வேண்டும். பனித்தரையில் வேக ஸ்கேட்டிங் செய்பவர்கள் பனி இல்லாத மாதங்களில் பழகும் கருவி இது. ரெய்டு போகிறவருக்கு இடுப்பின் வெளிப்பக்கத் தசையும் உள்தொடையும் உறுதிப்பட இது நல்ல பயிற்சி. பயிற்சியில் குறையில்லை, விற்ற பலகையில்தான் குறை.

முதல் பொய், ‘அட்ஜஸ்ட் செய்யலாம்’ என்பது. 5, 6, 7, 8 அடி என நான்கு நீளம் வைக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். பலகையின் நடுக்கோட்டில் அடிக்கு ஒரு ஓட்டை, கட்டையின் நடுவில் ஒரே ஒரு பின். ஒற்றைப் பின்னில் நிற்கும் கட்டை, கதவுக் கீல் மாதிரி சுழலும். கால் சரியாக நடுவில் வந்து மோதினால் ஒன்றும் ஆகாது. நான்கு விரல் தள்ளி மோதினால் கட்டை திரும்பும், பாதமும் கூடவே திரும்பும், உடல் மட்டும் வந்த திசையிலேயே போகும். கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்குவது இப்படித்தான். அந்தப் பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மோதும் விசையைக் கணக்கிட்டால் விபரீதம் புரியும். 70 கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, முட்டியை மடக்காமல் 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரி விசை 2,800 நியூட்டன். ஏறக்குறைய 285 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். முட்டியை மடக்கி 25 சென்டிமீட்டரில் நின்றால் அது 57 கிலோவாகக் குறைகிறது. பழகியவர் மடக்கி நிற்பார். புதியவர் விறைத்து நிற்பார். கட்டையைப் புதியவரை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இந்தப் பலகையில் இருந்ததோ 6 மில்லிமீட்டர் பின், அதற்குக் கீழே எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மூன்று வாரத்தில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது.

அந்த ஓட்டைகளின் இடமும் தப்பு. கால் போகிற பாதையின் நடுவிலேயே இருப்பதால், பயன்படாத ஓட்டையின் விளிம்பில் உறைத்துணி சிக்குகிறது. வேகமாகச் சறுக்கும்போது ஒரு கால் மட்டும் சட்டென்று நின்றால் முட்டி தாங்காது.

அடுத்தது வெயில். மேல்தகடு எச்டிபிஇ பிளாஸ்டிக். அது நல்ல பொருள்தான், ஆனால் சூட்டில் நன்றாக நீளும். தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால், 8 அடித் தகடு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை நீளும். இதில் சுற்றிலும் சாண் இடைவெளியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். நீள வழியில்லாத தகடு நடுவில் மேடாக எழும்பியது. காலையில் ஓடிய பலகை மதியம் தடுக்கியதற்குக் காரணம் அதுதான். “சரியாகத் துடைக்கவில்லை” என்று கடையில் சொன்னது வெறும் சமாளிப்பு.

அடிப்பக்கம் மெல்லிய ஃபோம் ஒட்டியிருந்தது. நம் பக்கத்தில் பல இடங்களில் பாலிஷ் போட்ட கிரானைட் தரை. தூசி படிந்த ஃபோம் அதில் பிடிக்காது. ஆளும் பலகையும் சேர்ந்து 95 கிலோ என்றால், உராய்வுக் கெழு (அடிப்பக்கம் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கான எண்) 0.6 இருக்கும்போது நகர்த்த 57 கிலோ விசை வேண்டும். 0.3 ஆகக் குறைந்தால் 28 கிலோ போதும், ஒரே உதையில் பலகை நகர்ந்துவிடும். ஃபோமுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டை அடியில் முழுக்க ஒட்டி, வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள்.

வழுக்கவில்லை என்று புகார் சொன்னபோது தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து தடவாதீர்கள். எண்ணெயில் மண் ஒட்டும், மண் தகட்டைக் கீறும், உறையோடு தரையில் இறங்கினால் ஆள் விழுவார். கூடவே தந்த உறைகள் எல்லாருக்கும் ஒரே அளவு, தையல் வேறு அடிப்பாதத்தில். தையல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், எலாஸ்டிக் குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

‘8 அடி’ என்பதும் வெளி அளவுதான். 244 சென்டிமீட்டரில் இரண்டு கட்டைகளும் விளிம்புகளும் போக, சறுக்கும் தூரம் 218. வாங்கும்போது கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து கேளுங்கள். பிறகு கட்டையின் ஒரு ஓரத்தை மட்டும் குதிகாலால் பலமாகத் தள்ளுங்கள். கொஞ்சம் திரும்பினாலும் வாங்காதீர்கள். ஷூவில் உறை மாட்டி, உள்ளே ஒரு கிலோ எடை வைத்து, பலகையின் ஒரு முனையைத் தூக்குங்கள். ஷூ எந்த உயரத்தில் நகரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, நடுவிலும் இரு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். மூன்று இடத்திலும் உயரம் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

பட்டறையில் செய்துகொள்வது இதைவிட நல்லது. 8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் வாட்டர்புரூஃப் பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு பலகை கிடைக்கும். மேலே 5 மில்லிமீட்டர் எச்டிபிஇ தகடு. அதன் ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள், மறு முனை ஸ்க்ரூவுக்கு 15 மில்லிமீட்டர் நீள ஓட்டை. கட்டை 10 சென்டிமீட்டர் உயரம், முகம் சற்று வெளிப்பக்கம் சாய்ந்து, மேலே ஓர் அங்குல ரப்பர். ஒவ்வொரு கட்டைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு, பலகையின் இரு ஓரத்திலிருந்தும் 5 சென்டிமீட்டர் உள்ளே. அப்போது ஓட்டைகள் கால் பாதைக்கு வெளியே போய்விடும். போல்ட் போகும் இடத்தில் தகட்டின் ஓட்டையும் நீளமாக இருக்கட்டும். அடியில் நட்டு வெளியே துருத்தக் கூடாது, இரும்புப் பட்டை வைத்துப் புதைக்க வேண்டும். ஓட்டை வரிசையை அடிக்கு ஒன்றாக வைக்காமல் அரை அடிக்கு ஒன்றாகப் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உயரமானவர்களுக்கும் ஒரே பலகை போதும். ஓசூரில் இந்த வேலை தெரிந்த பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. புதியவர்களுக்கு 5 அடியில் தொடங்கி, அரை நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். இரு முனைக்கு அப்பாலும் ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும்.

ஏற்கனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கு: பில்லில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சடித்துவிட்டால் கதை முடிந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசலாம். சரிவராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பலகையைச் சரிசெய்யக் கொடுப்பதற்கு முன்னால், விரிந்துபோன ஓட்டையின் மேல் டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். வளைந்த பின்னைத் தூக்கிப் போடாமல் பில்லோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள்.