இளரத்தமா, அனுபவமா? ஹாக்கி அணியில் எந்த இடத்துக்கு எந்த வயது

கடலூர், நெய்வேலி, புதுச்சேரி ஹாக்கிக்காரர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் வயதில்தான் வந்து நிற்கும். "பசங்களை இறக்குங்க, ஓடிக் காட்டுவாங்க" என்பது ஒரு கட்சி. "கடைசி அஞ்சு நிமிஷத்தை யாருப்பா தாங்குறது?" என்பது இன்னொரு கட்சி. 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கி, தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஒரு தொழில்முறை அணி வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. இரண்டு கட்சிக்கும் கையில் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. ஆனால் இருவரும் அணியின் சராசரி வயதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் சராசரி வயது என்பது ஒன்றுக்கும் உதவாத கணக்கு. 36 வயதுக்காரர் எந்த இடத்தில் நிற்கிறார், 20 வயதுப் பையன் எந்த இடத்தில் ஓடுகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் இரு தரப்பையும் வைத்துப் பார்த்துவிடுவோம்.

பசங்க அணி

இன்றைய ஹாக்கி இளைஞர்களுக்கென்றே வளைந்து கொடுத்த ஆட்டம். 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே போனவர் திரும்ப வரலாம். அதனால் ஃபார்வர்டு ஒருவர் நாலைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வருகிறார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகிறார். எதிரணி ஃபுல்பேக்குக்கு (கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவருக்கு) எப்போதும் புதுக்கால்களே எதிரில் நிற்கும். மனித உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறையும் என்பது பொதுக்கணக்கு. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அந்தச் சரிவு மெதுவாக வரும். நீண்ட நேரம் ஓடும் தம்மைவிட, நின்ற இடத்திலிருந்து பாயும் வேகம்தான் முதலில் போகும். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், தாக்கி விளையாடுபவருக்கு அந்தப் பாய்ச்சல்தான் சோறு போடுகிறது.

இளம் அணிக்குப் பெரிய சாட்சி 2016 லக்னோ. ஜூனியர் உலகக் கோப்பை இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்று இந்தியா வென்றது. கோல் அடித்தவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். ஐந்து வருடம் கழித்து இருவருமே டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இருந்தார்கள். ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி வெண்கலம் எடுத்த ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் அடித்தார். ஆக, இளம் அணி என்பது முதலீடு. பலன் நிச்சயம் வரும், ஆனால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

பசங்க அணியின் பலவீனத்தை 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் நாமே பார்த்தோம். பெரும்பாலும் புதுமுகங்கள். அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இந்தியச் சட்டையில் இறங்கியது நம் மாநிலத்துக்கே கொண்டாட்டம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கார்த்தி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டார். அந்த முன்னிலையை ஐம்பது நிமிடம் காப்பாற்றிய அணி, 59-வது நிமிடத்தில் கோல் வாங்கி ஆட்டத்தை 1-1 என்று சமனில் விட்டது. அடுத்த சுற்றுக்குப் போக இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியதாயிற்று. 16-0 என்று அடித்தார்கள்! இளரத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. பிறகு கொரியாவுடன் 4-4 என்று சமன், இறுதிப்போட்டி வாய்ப்பு போனது. ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். ஒரே தொடரில் இளம் அணியின் நல்லது கெட்டது இரண்டும் தெரிந்துவிட்டது. கோல் குவிக்கத் தெரியும், ஒரு கோல் முன்னிலையை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டத் தெரியாது.

பெரியவங்க அணி

எதிர்ப்பக்கம் பெல்ஜியத்தை வைக்கலாம். 2016 ஒலிம்பிக் வெள்ளி, 2018 உலகக் கோப்பை, டோக்கியோ தங்கம், 2023 உலகக் கோப்பையில் இரண்டாம் இடம். இத்தனைக்கும் அணியின் முதுகெலும்பு ஏறத்தாழ அதே ஆட்கள். கோல்கீப்பர் வின்சென்ட் வனாஷ், டோமன், டோம் பூன் என்று முகம் பார்க்காமலே பாஸ் கொடுக்கும் அளவுக்குப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆனால் சரிவு எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லிவிட்டு வராது. 2023 இறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஒருவர் மட்டும் கீப்பரை எதிர்கொண்டு கோல் அடிக்கும் முறை) தோற்றார்கள். 2024 பாரிஸில் காலிறுதியிலேயே ஸ்பெயினிடம் 2-3 என்று தோற்று வெளியேறினார்கள். அப்போது வனாஷுக்கு 36 வயது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயதாகிவிட்டதுதான் சிக்கல். கூடவே வளர்ந்தவர்கள் கூடவே தளர்வார்கள்.

பனிக்கட்டி ஹாக்கி நம் ஆட்டமல்ல என்றாலும் அங்கே இரண்டு அணிகள் இந்த விஷயத்தைப் பளிச்சென்று காட்டுகின்றன. 1984-ல் வட அமெரிக்க லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்ற எட்மன்டன் ஆயிலர்ஸில் கேப்டன் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு வயது 23, மார்க் மெசியருக்கும் 23. அந்த அணி அடுத்த ஆறு வருடங்களில் இன்னும் நான்கு கோப்பைகளை எடுத்தது. 2002-ல் வென்ற டெட்ராய்ட் ரெட் விங்ஸோ மூத்தவர்கள் படை. கிறிஸ் செலியோஸுக்கு 40. இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தபோது வெற்றி கோலை அடித்தவர் 41 வயது இகோர் லாரியோனோவ். அந்த வயதில், அந்த நேரத்தில், அந்த நிதானம்! ஆனால் அடுத்த வருடமே அந்த அணி முதல் சுற்றில் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் 0-4 என்று வெளியேறியது. அடுத்த கோப்பைக்கு 2008 வரை காத்திருந்தது. பெரியவர்கள் அணி இந்த வருடத்துக்கான அணி. அடுத்த வருடக் கணக்கை அதன் தலையில் வைக்கக் கூடாது. எட்மன்டன் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 23 வயதுக்காரர்கள் முந்தைய வருடம் அதே இறுதிச் சுற்றில் நியூயார்க் ஐலண்டர்ஸிடம் 0-4 என்று அடி வாங்கியவர்கள். வயது குறைவுதான், அனுபவம் குறைவல்ல.

கலந்த அணி

கலந்து போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிக் கலப்பது என்று கேட்டால்தான் பதில் வராது. ஹாக்கி இந்தியா லீக் ஒரு விதியை வைத்தது. ஒரு அணியில் 24 பேர், அதில் 16 பேர் இந்தியர்கள், அவர்களில் நான்கு பேராவது ஜூனியர்கள். நல்ல விதி. ஏலத்தில் பெரிய பெயர்களின் பின்னால் ஓடும் உரிமையாளர்களையும் சின்னப் பையன்களைத் தேட வைத்தது. 2024-25 பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸின் கேப்டன் அமித் ரோகிதாஸுக்கு 31, அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 36. முன்னால் ஓட கார்த்தி போன்ற இளைஞர்கள். நான்காம் இடம் கிடைத்தது. பட்டம் வென்ற பெங்கால் டைகர்ஸின் கேப்டன், 2021-லேயே சர்வதேச ஆட்டத்துக்கு விடை சொன்ன 34 வயது ருபிந்தர் பால் சிங். ஹைதராபாத் தூஃபான்ஸை 4-3 என்று வென்ற இறுதியில் ஹாட்ரிக் அடித்தவர் ஜுக்ராஜ் சிங்.

நம் ஊர்ப் பெருமைக்கு 1980 மாஸ்கோ. கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் சென்னைக்காரர், முப்பதை நெருங்கியவர், ஏற்கெனவே ஒரு ஒலிம்பிக் ஆடியவர். அணியில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். முகமது ஷாகித்துக்கு இருபதே வயது. இறுதியில் 3-0 என்று முன்னிலை பெற்று, ஸ்பெயின் 3-2 என்று நெருங்கியபோது நான்காவது கோலைப் போட்டவர் ஷாகித்தான். 4-3, தங்கம். பல பெரிய நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் என்று சிலர் இழுப்பார்கள். அது உண்மைதான். ஆனால் பதற்றமான நேரத்தில் நடுவில் நின்று பையன்களைப் பிடித்துவைக்க ஒரு மூத்தவர் இருந்தார் என்பதும் உண்மை.

எந்த இடத்தில் எந்த வயது

பாரிஸ் 2024 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். நெதர்லாந்தும் ஜெர்மனியும் 1-1. ஷூட்அவுட்டில் நெதர்லாந்தின் கோல்கீப்பர் பிர்மின் பிளாக், வயது 36. தங்கத்தை உறுதிசெய்த கோலை அடித்தவர் டூகோ டெல்கன்காம்ப், வயது 22. எட்டு நொடிக்குள் கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டிய இடத்தில் பயமறியா இளங்கன்று. அந்த எட்டு நொடியும் அவசரப்படாமல் எதிராளியை முதலில் அசைய வைக்க வேண்டிய இடத்தில் முதியவர். இருவரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

நம் அணியும் அதே பாரிஸில் இதைக் காட்டியது. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17-வது நிமிடம் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்து பேர். 32 வயது மன்பிரீத் சிங் நடுக்களத்தை விட்டுப் பின்னுக்கு வந்து ஃபுல்பேக் வேலை பார்த்தார். ஒரு இடத்துக்காரர் இன்னொரு இடத்தில் உடனே பொருந்துவதெல்லாம் ஆயிரம் ஆட்டம் பார்த்த கண்ணுக்குத்தான் வரும். கோலில் 36 வயது ஸ்ரீஜேஷ். 1-1, ஷூட்அவுட்டில் 4-2. கோல்கீப்பருக்கு வயதாவது குறையல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அவர் ஓட வேண்டியதில்லை, கோணத்தைக் கணிக்க வேண்டும், ஃபுல்பேக்குகளைக் கத்திக் கத்தி நிறுத்த வேண்டும்.

பெனால்டி கார்னரில் (தடுக்கும் அணியின் தவறுக்குத் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் ஃபிளிக், அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசி, அடிப்பவருக்கும் வயது அவ்வளவு தடையில்லை. இடுப்பும் முதுகும் ஒத்துழைத்தால் 34-லும் அடிக்கலாம். அதைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடும் முதல் ரஷ்ஷர் மட்டும் இளைஞனாக இருக்க வேண்டும் என்று நானும் நினைப்பதுண்டு. உடம்பு மேல் வரும் பந்தை நோக்கி ஓடும் வேலையாயிற்றே. ஆனால் பாரிஸில் இந்தியாவின் முதல் ரஷ்ஷர் ரோகிதாஸ்தான். அந்தச் சிவப்பு அட்டைக்கான தடை காரணமாக அவர் இல்லாமல் ஆடிய அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அடிப்பவரின் தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு அடி முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க பாரிஸ் போக வேண்டாம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு சாயங்காலம் நின்றாலே போதும். நெய்வேலியில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் ஃபுல்பேக் அண்ணன் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர். கல்லூரிப் பையன் பந்தை இடம் வலம் ஆட்டிக்கொண்டு வருகிறான். இவர் ஸ்டிக்கை மண்ணோடு மண்ணாகப் படுக்கவைத்து இரண்டு எட்டு பின்வாங்குகிறார். கண் பந்தில் இல்லை, அவன் இடது காலில். கால் ஊன்றிய கணத்தில் ஸ்டிக் நீள்கிறது, பந்து இவரிடம். உடனே அடித்து அனுப்பாமல் நிற்கிறார். "அண்ணே, கவுன்ட்டர் போயிருக்கலாமே!" என்று விங்கிலிருந்து ஒருவன் கத்துகிறான். "மூணு பேரும் மேலேயே நிக்கிறீங்க தம்பி. பந்து திரும்பினா யாரு வருவா?" என்கிறார். அதே அண்ணனை விங்கில் போட்டால் பத்து நிமிடம் தாங்க மாட்டார்.

நடுக்களத்தின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓட்டமும் வேண்டும், மூளையும் வேண்டும், அதனால் இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவரே பொருத்தம்.

நம் பக்கத்து அணிகளுக்கு

இந்தியாவில் ஆட்டக்காரரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. ரயில்வே, இந்தியன் ஆயில், ராணுவம், வங்கி என்று வேலை கிடைத்தவர் முப்பதைத் தாண்டியும் ஆடுகிறார். சம்பளம் வருகிறது, பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. வேலை கிடைக்காதவர் 24 வயதில் ஸ்டிக்கை மூலையில் வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போகிறார். கடலூரிலும் புதுச்சேரியிலும் 18 முதல் 22 வரை பையன்கள் நிறைய இருக்கிறார்கள், முப்பதுக்கு மேல் சிலர் இருக்கிறார்கள், நடுவில் ஆளே இல்லை. சென்டர் ஹாஃபுக்குத் தேவையான அந்த வயதுதான் நம்மிடம் வெற்றிடம். எனக்கு இது நெஞ்சை அறுக்கிற விஷயம். திறமை இல்லாமல் போனவர்கள் அல்ல அவர்கள்.

இருப்பதை வைத்து அணி அமைக்கும்போது தொடரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஒரே ஆட்டம், நாக் அவுட் என்றால் இரண்டு பெரியவர்களை அதிகமாகவே சேர்க்கலாம். எழும்பூரிலோ கோவில்பட்டியிலோ டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) நாள்தோறும் ஆட்டம் என்றால் மூன்றாவது நாள் முப்பதைத் தாண்டிய முழங்கால்கள் முறுக்கிக்கொள்ளும். அங்கே ஃபார்வர்டு ஆறு பேரும் 23-க்குக் கீழே இருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின்னால் ஒரு ஃபுல்பேக்கும் கோல்கீப்பரும் மட்டும் மூத்தவர்களாகப் போதும். இளம் ஹாஃப் ஒருவனை அந்த ஃபுல்பேக்குக்கு நேர் முன்னால் நிறுத்துங்கள், அப்போதுதான் அவர் குரல் அவன் காதில் விழும்.

இந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. மூத்த கோல்கீப்பருக்கு அடிபட்டால் அத்தனையும் சரிந்துவிடும். ஸ்ரீஜேஷ் 2006-லேயே இந்திய அணிக்கு வந்துவிட்டவர். நிரந்தரமாக முதல் கீப்பராக நிற்கப் பல வருடம் ஆனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் கேப்டனாகவும் கோல்கீப்பராகவும் இருந்தவர் பாரத் சேத்ரி. பாரிஸுக்கு ஸ்ரீஜேஷோடு மாற்றுக் கீப்பராகப் போனவர் கிரிஷன் பதக். அப்படிக் காத்திருந்து தயாரானால்தான் அந்த இடம் காலியாகாது. நம் அணிகளில் இரண்டாவது கீப்பர் என்பவன் தண்ணீர் பாட்டில் தூக்கும் பையனாகவே தொடர் முழுக்க இருந்துவிடுகிறான். லீக் ஆட்டங்களில் மூன்று கோல் முன்னிலை வந்ததும் மூன்றாவது குவார்ட்டரிலிருந்து அந்தப் பதினெட்டு வயதுப் பையனை இறக்குங்கள், பெரியவர் பெஞ்சிலிருந்து கத்தட்டும். ஒன்றிரண்டு கோல் போகும், போகட்டும்.