பனிப்பாளத்தின் மேல் ஒரு வாக்குறுதி

உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1969) ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வென்ற அறிவியல் புனைவு. கெத்தன் என்ற பனிக்கோளை உலகங்களின் கூட்டமைப்பில் சேர அழைக்கத் தனியாக வரும் தூதர் ஜென்லி; அவரை நம்பித் துணைநிற்கும் கெத்தன் அரசியல்வாதி எஸ்ட்ராவன். முதல் ஐந்து அத்தியாயங்களில்தான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். காரணம், விளக்கமில்லாமல் வந்து விழும் ஊர்ப்பெயர்களும் மாதப்பெயர்களும். கடைசியில் இருக்கும் நாள்காட்டிப் பின்னிணைப்பை முதலிலேயே படித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். இடையில் வரும் நாட்டார் கதைகளைத் தாண்டிப் போகாதீர்கள்; எஸ்ட்ராவனின் பழைய காயம் அவற்றில்தான் இருக்கிறது.

15ஆம் அத்தியாயத்திலிருந்து நாவல் வேறு உயரத்துக்குப் போகிறது. சிறைமுகாமிலிருந்து ஜென்லியைத் தூக்கி வந்த எஸ்ட்ராவன், பனிப்பாளத்தைக் கடந்து தப்பும் பயணத்துக்கான உணவைத் திருடுகிறார். திருட்டை அருவருக்கும் மனிதர் அவர். பிறகு ஒரே சறுக்குவண்டி, ஒரே கூடாரம், அளந்து உண்ணும் சோறு.

முடிவு தெரிய வேண்டாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நண்பர்மேல் சுமத்தப்பட்ட துரோகிப் பட்டத்தை நீக்கிய பிறகே, தன் குழுவினர் காத்திருக்கும் விண்கலத்தை இறக்குவேன் என்று ஜென்லி வாக்குக் கொடுத்திருக்கிறார். எஸ்ட்ராவன் எல்லையில் சுடப்பட்டு இறந்தபின், கெத்தனைக் கூட்டமைப்பில் சேர்க்க நண்பர் உயிரைக் கொடுத்த காரியமா, அவருக்குக் கொடுத்த வாக்கா? ஜென்லி கலத்தை இறக்குகிறார். அந்த உறுத்தலை ஆசிரியர் கடைசிப் பக்கம்வரை துடைக்கவில்லை. நாவலின் பெரும்பலமே இதுதான்.

ஒரே குறை: நிரந்தரப் பாலினமற்ற மக்களை ஆங்கில மூலம் ‘அவன்’ என்றே சுட்டுகிறது. தமிழின் ‘அவர்’ எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கும்!