நூறு ரூபாயில் கையில் நிற்பது எவ்வளவு?

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்ப்பதுதான் எங்கள் மொபைல் விளையாட்டு. கன்னியகோவிலில் ஏறுகிறவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். அரியாங்குப்பத்தில் அவர் இறங்குவதற்குள் சரியான சில்லறையைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸே கத்தும். நான் மஞ்சக்குப்பத்தில் புரோகிராம் எழுத, நண்பன் லாஸ்பேட்டையில் படம் வரைந்தான். 2024-ல் ஒரு வழியாக முடித்தோம். விளையாட்டு இலவசம், கூடுதல் ரூட்டுகள் அடங்கிய பேக் மட்டும் 100 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதை எங்கே விற்பது என்பதில்தான் சண்டையே வந்தது.

“ஆப் ஸ்டோர்க்காரன் முப்பது பர்சன்ட் எடுத்துக்குவான்டா மாப்ள” என்பது நண்பனின் கட்சி. பண்ருட்டியில் பலா போடுகிற அவன் அப்பாவும் சேர்ந்துகொண்டார்: “ஏம்ப்பா, மண்டியிலகூட இவ்வளவு புடிக்க மாட்டாங்களே!”

30 என்பது எங்களைப் போன்ற சிறு ஆட்களுக்குப் பழைய கணக்கு. 2008-ல் ஆப் ஸ்டோர் திறந்தபோது ஆப்பிள் வைத்த விகிதம் அது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து 15 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கூகுள் பிளேயும் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 என்றது. இரண்டிலும் நாமே போய்ச் சேர வேண்டும், தானாக வராது. எல்லையைத் தாண்டினால் ஆப்பிள் அந்தத் திட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடும். கூகுளில் மேலே வரும் தொகைக்கு மட்டும்தான் 30. அந்தக் கவலை எங்களுக்கு வந்தால் பஸ் கம்பெனியே வாங்கிவிடலாம்.

ஆப்பிளை முதல் நாளே தள்ளி வைத்தோம். காரணம் கமிஷன் அல்ல. ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும்; அப்போதைய விலையில் எட்டாயிரத்துச் சொச்சம். 100 ரூபாய் பேக்கில் 85 கையில் நின்றால், கிட்டத்தட்ட 100 பேர் வாங்கிய பிறகுதான் அந்தப் பணமே திரும்பும். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. போதாததற்கு மேக் கணினி வேறு வேண்டும். கூகுளில் ஒரே ஒரு முறை 25 டாலர், அவ்வளவுதான்.

ஆனால் கூகுளிலும் வேறு வகையில் விலை உண்டு. புதிய தனிநபர் கணக்கு என்றால் 20 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பது அன்றைய விதி (பிறகு 12 பேராகக் குறைத்தார்கள்). திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஆள் பிடித்தோம். பதினோராவது நாள் சித்தி, “சார்ஜ் இறங்குதுப்பா” என்று அழித்துவிட்டார். எண்ணிக்கை 19 ஆனது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அப்புறம் நண்பன் ஒரு யோசனை கொண்டுவந்தான். பிளே பில்லிங், அதாவது ஆப்புக்குள் பணம் வாங்கும் கூகுளின் சொந்த முறை, விஷயத்தில் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது வேறு கதை. நண்பன் பிடித்துக்கொண்டது இதை: கூகுள் பில்லிங்குக்குப் பக்கத்திலேயே வேறு பேமென்ட் வழியையும் காட்டலாம், அதில் வாங்கினால் கமிஷன் 4 புள்ளி குறையும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதாவது 15-க்குப் பதில் 11. கேட்க நன்றாகத்தான் இருந்தது. டீக்கடை பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தோம். ஆன்லைனில் பணத்தை வாங்கி நம்மிடம் சேர்க்கிற கேட்வே கம்பெனிக்கு 2 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 36 காசு. 100-லிருந்து 13.36 போனால் 86.64. நேரடி பிளே பில்லிங்கில் 85. ஆக, ஒரு பேக்குக்கு 1 ரூபாய் 64 காசு லாபம். அதற்காக இன்னொரு பேமென்ட் முறையைப் புரோகிராமில் கோர்க்க வேண்டும், ரீஃபண்டையும் நாமே பார்க்க வேண்டும். இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய கம்பெனிகளே மோதிப் பார்த்தன. கட்டணத் தகராறில் 2024 மார்ச்சில் சென்னை பாரத் மேட்ரிமோனியின் ஆப்களைக்கூட கூகுள் தூக்கிவிட்டு, சில நாளில் திரும்ப வைத்தது.

பிளே ஸ்டோருக்குப் போட்டியாக ஃபோன்பேயின் இண்டஸ் ஆப்ஸ்டோர் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் ஆண்டு பதிவுக் கட்டணம் இல்லை, வெளி கேட்வே வைத்துக்கொண்டால் கமிஷனும் இல்லை என்று அப்போது சொன்னார்கள், தமிழிலும் இருந்தது. காகிதத்தில் இதுதான் ஜெயித்தது: கேட்வேயின் 2.36 மட்டும் போக 100-க்கு 97.64. நண்பனின் மாமா போனில் போட்டுக் காட்டலாம் என்று போனோம். பிளே ஸ்டோருக்குள் இன்னொரு ஸ்டோர் கிடைக்காது என்பதால் வெப்சைட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். தீங்கு செய்யலாம் என்று ஒரு எச்சரிக்கை, தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கலாமா என்று இன்னொன்று. இரண்டாவது வந்ததும் மாமா போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். பேங்க் கணக்கு இருக்கிற போன். அவரைக் குறை சொல்ல முடியாது. 97.64 கொடுக்கிற கடைக்குள் ஆள் நுழையவே பயந்தால் 85 கொடுக்கிற கடைதான் மேல்.

சொந்த வெப்சைட்டில் விற்றாலும் அதே 97.64. யுபிஐக்கு வணிகரிடம் எம்டிஆர் என்கிற பரிவர்த்தனைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. ஆனால் நடுவில் நிற்கிற கேட்வே தன் சேவைக் கட்டணத்தை விடாது. நாங்கள் பிடித்த கேட்வே, ரீஃபண்டு பக்கம் சரியில்லை என்று மூன்று வாரம் பணத்தை நிறுத்தி வைத்தது. போன் செய்தால் எடுக்க ஆள் கிடையாது. பிளே ஸ்டோர் வாங்குகிற 15-க்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்று அந்த மூன்று வாரத்தில் புரிந்தது. 30 என்றால் நான் இன்றும் கொள்ளை என்றுதான் சொல்வேன். 15-க்கு வாடகை என்று பெயர் வைக்கலாம்.

விளம்பர வருமானத்தில் ஸ்டோர் கமிஷன் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பேக் வாங்க யோசிக்கிறவர்கூட, கூடுதல் சில்லறை கிடைக்கும் என்றால் முப்பது விநாடி வீடியோவைப் பொறுமையாகப் பார்க்கிறார். எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு இப்போதும் அதுதான்.

கடைசியில் பிளே ஸ்டோரைப் பிரதானக் கடையாக வைத்து அதன் பில்லிங்கையே எடுத்துக்கொண்டோம். சொந்த வெப்சைட்டிலும் பேக் கிடைக்கும், ஆனால் விளையாட்டுக்குள் அதற்குக் கைகாட்டி வைக்க முடியாது என்பதால் வாட்ஸாப் குழுவில் மட்டும் லிங்க். அங்கே வாங்குகிறவர்கள் சிலர்தான், வாயோ பெரிது. போன வாரம் நிஜக் கண்டக்டர் ஒருவர் பேக் வாங்கிய கையோடு எழுதியிருந்தார்: “தவளக்குப்பம் டிக்கெட் ரேட் தப்பா இருக்கு தம்பி.”