தாத்தாவின் வாளா, பெயர் பொறித்த வாளா?

பத்தாம் நூற்றாண்டில் நார்வேயில் வாழ்கிறீர்கள், கையில் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரம்பரையாக வந்த பழைய வாளோடு காலத்தை ஓட்டுவதா, பிராங்கிய நாட்டிலிருந்து (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதி) வரும் புது வாளை வாங்குவதா?

பழையது முறுக்கு வாள். இரும்பு, எஃகுக் கம்பிகளைக் கயிறுபோல முறுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்து, வெட்டும் விளிம்பில் மட்டும் கடினமான எஃகை ஒட்டுவார்கள். அலகில் பாம்பு நெளிவதுபோல வரிகள் விழும். ஐஸ்லாந்தின் கோர்மாக் கதையில் வரும் ஸ்கோஃப்னுங் வாளைக் கோர்மாக்குக்கு இரவல் கொடுக்கும் ஸ்கெக்கி ஏகப்பட்ட நிபந்தனை போடுகிறார்: கைப்பிடியில் வெயில் படக்கூடாது, களத்தில் தனியாக உட்கார்ந்து அலகின்மேல் ஊதினால் ஒரு குட்டிப் பாம்பு வெளியே வரும். மாயம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் மூச்சின் ஈரம் பட்டதும் வரிகள் துலங்குவதைப் பார்த்த எவரோதான் இதைக் கட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

புதியது உல்ஃப்பெர்த். அலகிலேயே அந்தப் பெயர் சிலுவைக்குறிகளோடு இரும்பு எழுத்துகளாகப் பதிந்திருக்கும். 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அதே பெயர் வருவதால், அது ஒரே கொல்லனாக இருக்க வழியில்லை. கிட்டத்தட்ட 170 வாள்கள் கிடைத்துள்ளன. 864இல் பிராங்கிய மன்னர் வழுக்கைச் சார்லஸ், வடக்கிலிருந்து வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்கு ஆயுதம் விற்பவனுக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். அப்படியும் நார்வேக் கல்லறைகளில் உல்ஃப்பெர்த் வாள்கள் கிடைக்கின்றன!

சரி, தரம் எப்படி? உலோகவியல் ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் சோதித்ததில் சில வாள்கள் கசடு இல்லாத, கார்பன் மிகுந்த எஃகு. மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலம்) உருக்கியது என்பது அவர் முடிவு. எழுத்துப்பிழையோடு வந்தவற்றில் பல சாதா இரும்பு. சிலுவைக்குறி கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று எழுத்தறியாத குடியானவன் எங்கே பார்க்கப்போகிறான்? (தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எஃகு உண்டு என்பதால் 'அது நம்மூர் உருக்கு' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் காட்டும் வழியோ வோல்கா, மத்திய ஆசியா. அதையும் எல்லோரும் ஏற்கவில்லை.)

மட்டமான இரும்பு சண்டையில் என்ன ஆகும் என்பதைக் கதைகளே ஒளிக்காமல் சொல்கின்றன. ஐர்பிக்யா கதையில் ஸ்டைந்தோரின் அலங்கார வாள் கேடயத்தில் பட்டுப் பட்டு வளைகிறது. ஒவ்வொரு முறையும் காலடியில் வைத்து நிமிர்த்துகிறான். எதிரி அதுவரை சும்மா நிற்பானா? எனக்கென்றால் தாத்தாவின் வாளே போதும். ஏற்கெனவே நாலு சண்டை பார்த்தது, போலியாக இருக்காது.

மிச்சப்படும் வெள்ளியைக் கேடயத்தில் போடலாம். கவிஞர்கள் கேடயத்தை 'லிண்டன்' என்று மரத்தின் பெயராலேயே அழைப்பார்கள். தோண்டினால் வருவது பெரும்பாலும் பைன் போன்ற மரம். 1880இல் கிடைத்த கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 என்று கறுப்பும் மஞ்சளுமாக 64 கேடயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 94 செ.மீ. அகலம். 2008இல் டென்மார்க்கின் ட்ரெல்லபோர்க்கில் கிடைத்ததும் பைன்தான். மெல்லிய பலகை, நடுவில் கைக்கு ஒரு குழி. அடி வாங்கி உடைவதற்கென்றே செய்த பொருள் அது. அதனால்தான் கோர்மாக் கதையின் ஒற்றைச் சண்டை விதியில் ஆளுக்கு மூன்று கேடயம்.

அந்தக் கதையில் கோர்மாக்கும் அவன் எதிரி பெர்ஸியும் மோதியபோது ஆறு கேடயங்களும் நொறுங்கின. அப்புறம்தான் வாளோடு வாள். ஸ்கோஃப்னுங் பெர்ஸியுடைய வாளின் நுனியை வெட்டியெறிந்தது. அந்தத் துண்டு பறந்து வந்து கோர்மாக்கின் கட்டைவிரலையே கிழித்தது. ரத்தம் கீழே சொட்டியதால் தோற்றவன் கோர்மாக். அபராதம் மூன்று மார்க் வெள்ளி.