கோட்டையூர், காரைக்குடி பக்கம் ‘மாசக் காசு இல்லாத டிஜிட்டல் ஆண்டெனா’ விற்க வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, கோட்டையூர் பக்கம் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்து ஒரு ஆள் மொட்டைமாடி ஆண்டெனா விற்கிறார். எங்கள் அப்பத்தாவிடம் 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டெனாவில் ஒரு சேனல்கூட வரவில்லை, வரவும் வராது. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

அப்பத்தாவுக்கு 81 வயது. கோட்டையூர் வீட்டில் அவரும், உதவிக்கு வரும் ஒரு அக்காவும்தான். நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். அப்பத்தா பார்ப்பது பெரும்பாலும் பொதிகை. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது, அவருக்கு இன்னும் பொதிகைதான். “இந்த ஒரு சேனலுக்கு மாசாமாசம் கேபிளுக்கு அழணுமா” என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் இந்த ஆள் வந்திருக்கிறார்.

முகப்பில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் பேசியதை அக்கா அப்படியே சொன்னார்: “ஆச்சி, கொடை எஃப்எம் கேக்குறீங்கள்ல? டிவியும் அதே மலையில இருந்துதான் வருது. மேற்கே திருப்பி வச்சா இருநூறு சேனல். மாசக் காசே கிடையாது.”

அப்பத்தா நம்பியதில் தப்பே இல்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டிலேயே ஜி.ஐ. பைப்பில் மீன்முள் மாதிரி ஆண்டெனா நின்றது. ஐயா (தாத்தா) மேலே நின்று திருப்புவார், அப்பத்தா வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) இருந்து “வருது, வருது, போயிருச்சு” என்று குரல் கொடுப்பார். கொடைக்கானல் பக்கம் வைத்தால் தூர்தர்ஷன், தென்கிழக்கே வைத்தால் சில நாள் இலங்கையின் ரூபவாஹினி. கொடைக்கானல் வானொலியான கொடைப் பண்பலை இன்றைக்கும் 100.5-இல் வருகிறது. ஆக, அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் 7,800 ரூபாய்.

ஆண்டெனாவைக் கட்டி முடித்து, டிவியில் ஒரு சின்ன கறுப்புப் பெட்டியை மாட்டிப் போட்டுக் காட்டியிருக்கிறார். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்ததாம். பணத்தை வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தார், சற்று நேரத்தில் படம் நின்றுவிட்டது. ஃபோன் போட்டால் “காத்து திரும்பினா வரும் ஆச்சி, வந்து சரி பண்றேன்” என்றார். அடுத்த வாரம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் டிவிக்குப் பின்னால்தான் கையை விட்டார். மாடியில் இருந்து இறங்கிய வயரின் முனை டேப் சுற்றிச் சும்மா தொங்கியது. எதிலும் செருகவில்லை. அந்தப் பெட்டியில் ஆண்டெனா செருக ஓட்டையே கிடையாது. அது இன்டர்நெட்டில் ஓடும் ஆண்ட்ராய்டு பெட்டி. அந்த ஆள் தன் ஃபோன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மெக்கானிக் அந்த வயரை எடுத்து டிவியிலேயே நேராகச் செருகி ஸ்கேன் போட்டார். அனலாக் பூஜ்யம், டிஜிட்டலும் பூஜ்யம்.

விஷயம் இதுதான். தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி (கோபுரத்தில் இருந்து நேராக வீட்டு ஆண்டெனாவுக்கு வரும்) அனலாக் ஒளிபரப்பை 2022 மார்ச்சுக்குள் கிட்டத்தட்ட நாடு முழுக்க மூடிவிட்டது. எல்லைப் பகுதி மாதிரி முக்கியமான சுமார் 50 இடங்களில் மட்டும் விட்டுவைத்தார்கள். சென்னை போன்ற சில நகரங்களில் 2016-இல் தரைவழி டிஜிட்டல் தொடங்கியது. அதற்கும் டிவிக்குள்ளோ தனிப் பெட்டியிலோ டிவிபி-டி2 ட்யூனர் (அந்த டிஜிட்டல் சிக்னலை வாங்கும் பாகம்) இருக்க வேண்டும். ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று தனிச் சரக்கு எதுவும் இல்லை. ஆண்டெனாவில் உள்ள குழாய்களின் நீளம், அது எந்த அலைவரிசைக்கு ஏற்றது என்பதைத்தான் முடிவு செய்யும், டிஜிட்டலைப் பிரித்துப் படிப்பது ட்யூனர். பூஸ்டர் என்று 900 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார். வரும் சிக்னலைத்தான் பூஸ்டர் பெருக்கும். எங்கள் வீட்டில் பெருக்க ஒன்றும் வரவில்லை.

பணம் போனதைவிட எனக்கு வயிறு எரிவது தளத்தைப் பார்த்துத்தான். கைப்பிடிச் சுவரில் பழைய கிளாம்ப் இருக்கும்போதே, தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த மொட்டைமாடித் தளத்தின் நடுவில் நாலு ஓட்டை போட்டு போல்ட் அடித்திருக்கிறார். ஐப்பசி மழையில் அந்த நாலு ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கி, மேல்மாடி ஹாலில் ஆத்தங்குடிக் கல் தரையில் தேங்கி நின்றது. சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டு அரைத்துப் போட்ட தளம் அது. சிமெண்டை வைத்து அடைத்தால் பழைய காரையோடு ஒட்டாமல் விரிசல் விடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். சுண்ணாம்புக் காரை தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பைப்புக்கு எர்த் கம்பியும் இல்லை. இடி விழும் மாதத்தில் இவ்வளவு உயரத்தில் வெறும் இரும்பை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். விற்றவர் பெயர், முகவரி, பில் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ‘ஆண்டெனா ஃபிட்டிங்’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அதற்கு மேல் நகர முடியவில்லை.

மாதக் கட்டணம் வேண்டாம் என்றால் நம் பக்கத்துக்கு டிடி ஃப்ரீ டிஷ் (செயற்கைக்கோள் வழியாக வரும் தூர்தர்ஷனின் இலவச டிவி சேவை) போதும். 60 செ.மீ. தட்டு, ஒரு பெட்டி, ஒரு தடவைச் செலவு. எங்களுக்கு ஃபிட்டிங்கோடு 1,900 ரூபாய் ஆனது. ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே, நன்றாக உச்சியில் இருக்கிறது. அந்தப் பக்கம் மரம் மறைக்காமல் இருந்தால் சரி. தளத்தைத் தொடாமல் ஒரு சிமெண்ட் பலகையில் போல்ட் அடித்து நிறுத்தச் சொன்னேன். கட்டணச் சேனல்கள் இதில் வராது. பலத்த மழையில் கொஞ்ச நேரம் படம் நிற்கும். அப்பத்தாவின் பொதிகை வருகிறது.

யாராவது போட்டுக் காட்ட வந்தால், முதலில் அவர் ஃபோனை அணைக்கச் சொல்லுங்கள். வயர் எதில் செருகியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

எங்கள் மாடியில் நின்று பார்த்தால் அதே மாதிரி புது ஆண்டெனா இன்னும் மூன்று வீட்டில் மேற்கே பார்த்து நிற்கிறது. இரண்டு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன், இரண்டு பேரிடமும் அதே கறுப்புப் பெட்டி. மூன்றாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடி போகிறேன்.